படுக்கவைத்த காஸ் போத்தல்

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் வேலை இழந்தவர்களில் நாங்கள் இரண்டு பேர். நான் வெல்டர். மற்றவர் காஸில் இரும்பு வெட்டுகிறவர், கிண்ணியாக்காரர், என்னைவிட நாலு வயது இளையவர். உலக யுத்தகாலத்துப் பழைய இரும்பு குடாவைச் சுற்றி எங்கும் கிடந்தது. பட்டணத்துக்கு இழுத்துவர ஏலாது. கிடந்த இடத்திலேயே வெட்டவேண்டும். அதற்காக இராணுவம் கழித்துவிட்ட இரண்டு சில்லு ட்ரெயிலர் ஒன்றை வாங்கினோம்.

தகடு அடித்து, ஒரு பக்கம் இரும்பைக் கவ்விப் பிடிக்க வைஸ், பின்னால் பாரம் இழுக்கக் கைவிஞ்ச், நடுவில் காஸ் போத்தல்கள் இரண்டும் நிற்க ஒரு சட்டம் என்று நான்தான் எல்லாம் பொருத்தினேன். முதல் பயணத்திலேயே, கிண்ணியாத் துறையில் வாகனங்களை அக்கரைக்குக் கடத்தும் பாதைப் படகில் ஏறும்போது, நிமிர்ந்து நின்ற போத்தல்களின் பாரத்தில் ட்ரெயிலர் சரியப் பார்த்தது. மூதூர்ப் பக்கம் போக இப்படி இன்னும் பல பாதைப் படகுகள். பயத்தில் சட்டத்தை அறுத்தெறிந்துவிட்டு, போத்தல்களைப் படுக்கவைக்கத் தொட்டில் செய்தேன்.

"அண்ணன், அசெற்றிலீன் போத்தல் நிமிர்ந்துதான் நிக்கணும்" என்றார் அவர். "படுத்தபடி திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணிச் சாமானும் சேர்ந்து வரும். அது பத்தும்."

எனக்கும் தெரியாததல்ல. வேலை செய்யும் இடத்தில் இறக்கி நிமிர்த்தலாம் என்றேன்.

சில மாதம் அப்படித்தான் செய்தோம். கட்டைபறிச்சானுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்பு மிதவையின் போல்ற்றுகளை வெட்டப் போன நாள் எனக்கு இடுப்புப் பிடித்திருந்தது. வந்த வேலையும் சின்னது.

"நாலு போல்ற்தானே, தம்பி. இறக்காமலே வெட்டுங்கோ."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பற்றவைத்தார்.

சுவாலை கொஞ்சநேரம் ஒழுங்காக நின்றது. பிறகு மஞ்சளாகித் துப்பத் தொடங்கியது. எரிகிற துளிகள் அவருடைய வலக்கையில் விழுந்தன. போத்தலை மூடிவிட்டு ஓடி, ஈரச்சாக்கால் கையைப் பொத்தினேன். மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இரண்டு விரல் மடங்காமல் போயின. காஸ் குழாய் வெடித்ததென்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். பார்க்கப் போனபோது அவருடைய மனைவி தேத்தண்ணி தந்து, நான் பக்கத்தில் இருந்தபடியால்தான் அவர் உயிரோடு வந்தார் என்றார். தலை குனிந்து குடித்தேன். படலைவரை என்னோடு வந்த கூட்டாளியிடம் ஏன் உண்மையை மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் திரும்ப இந்த வாசலுக்கு வருவீங்களா?"

பிறகு ட்ரெயிலரின் அச்சுக்கு மேலே, தாழ்வாக, போத்தல்கள் நிமிர்ந்து நிற்க ஒரு கூடு செய்தேன். ஒரு கிழமை வேலை, முதலே செய்திருக்கலாம். அவர் திரும்ப வெட்ட வரவில்லை. நெல் ஆலையில் காவலுக்குச் சேர்ந்தார். நான் வேறொருவரை வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன்.

பெருநாளுக்குப் பெருநாள் அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாதென்று என் மனைவி பழம் வைத்து அனுப்புவாள். இவ்வளவு நல்ல சனம், அவருக்கு இப்படி நடந்துவிட்டதே என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.