சூடு தெரியாத பாதங்கள்

ஆடி மாதம், பகல் பன்னிரண்டரை மணி. பெரியபாளையம் கோயிலின் கருங்கல் தரையில் எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடினார்கள். வேப்பஞ்சேலை கட்டிய என் மனைவி மட்டும் நிதானமாக நடந்து வந்தாள்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து கீமோதெரபி அவளைக் காப்பாற்றியது. அதற்காக வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றும் வேண்டுதல் இது. ஆனால் அந்த மருந்தால் அவளுடைய பாதங்கள் மரத்துப்போயிருந்தன. வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கும்மிடிப்பூண்டி ஆலையில் லீவு போட்டுவிட்டு அழைத்து வந்திருந்தேன்.

"சாக்ஸாவது போட்டுக்கினு சுத்தட்டாங்க?" என்று சுற்றத் தொடங்கும் முன் கேட்டிருந்தாள்.

"இன்னா, அம்மனையே டபாய்க்கிறியா? ஒரு சுத்துதானே!" என்று சிரித்தபடி அதை வாங்கி என் பேன்ட் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவளுக்குச் சுடவே இல்ல பாரு. ஆத்தா தாங்கிக்கினு வரா," என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண். எனக்குப் பெருமையாக இருந்தது.

சுற்றி முடித்தவள் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, என் கால் தடம் மட்டும் இன்னா ஈரமா கீது?"

உட்கார வைத்துப் பாதங்களைத் திருப்பினேன். இரண்டிலும் கொப்புளங்கள் உடைந்திருந்தன.

"வலிக்குதா?"

"இல்லியே," என்றாள்.

டாக்டர் சொன்னது எனக்கு மறந்துவிடவில்லை. அம்மன் முன்னால் அது பெரிதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். புண் ஆறுவதற்குள் தீபாவளி வந்துவிட்டது.

அன்றைக்குச் சாக்ஸ் என் பையிலேயே இருந்தது.