ஒரு சீசா அளவு சந்து

இன்று காலை முருங்கைக் கொம்பு நட வாசல் மணலைத் தோண்டினேன். விரலில் சதுரமாக ஏதோ தட்டியது. பச்சைச் சீசா. எடுத்து முகர்ந்து பார்த்தேன். இத்தனை மழை பார்த்த சீசாவில் சாராயம் எங்கே மணக்கும்? ஏரிச் சேற்று வாடைதான். ஆனாலும் மூக்குக்கு வெட்கம் கிடையாது, எங்கள் நைனாவை நினைத்துக்கொண்டது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்கள் இருந்த காலம் அது. ஒரு துரை வீட்டுத் தோட்டத்துக்கு நைனாதான் தண்ணீர் ஊற்றுவார். வலை இழுத்த கை அங்கே போய், செங்கல்லைச் சாய்த்துப் புதைத்துப் பாத்திக்கு ஓரம் கட்டக் கற்றுக்கொண்டது. செடி பூத்தால் துரை ஒரு சீசா கொடுப்பார். பூக்காவிட்டாலும் கொடுப்பார்; நைனா முகத்தை அப்படி வைத்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் குப்பத்தில் மணலைத் தவிர என்ன இருக்கிறது? அம்மா படகேறி ஆரம்பாக்கம் போய், வயல் மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து இதே வாசலில் கொட்டிக் கத்திரி நட்டாள். பாதி மண்ணைக் காற்று தின்றது, மீதியை மழை. செங்கல்லுக்கு எங்கே போவது? நைனா தான் குடித்த சீசாக்களைத் தலைகீழாக, வரிசையாகப் புதைக்க ஆரம்பித்தார்.

"இன்னாய்யா, இது சுத்தி வரதுக்குள்ள உன் கொடலு வெந்துடும் போலகீதே."

"வரிச சுத்தி வந்து முட்டட்டும்மே. அன்னிக்கே குடிய உட்டுடறேன். ஆத்தா மேல ஆணை."

அம்மா நம்பிவிட்டாள். புருஷன் சீக்கிரம் குடித்துத் தீர்க்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட பெண்சாதி இந்தக் கரையில் அவள் ஒருத்திதான்.

வரிசை முட்டப் போகிற சமயமாகப் பார்த்து, துரை தோட்டத்திலிருந்து நைனா புதுசாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வருவார்.

"மல்லி நடறதுக்கு நடுவுல ஒரு வட்டம் வேணும்மே. தொர ஊட்ல அப்டிதான்."

ஒரு பக்கத்தைப் பிடுங்கி வளைப்பார். அப்புறம் மூலைக்கு ஒரு அரை வட்டம். அப்புறம் நடுவில் நடைபாதை.

"நடக்கிறது யாருய்யா? கத்திரிக்காயா?" என்பாள் அம்மா.

வட்டம் போடக் கயிறு பிடிப்பது நான். என் தோசை இன்றைக்கும் கோணலாக வருவது அந்தப் பழக்கத்தில்தான்.

பிறகு நைனாவுக்கு வயிறு வீங்கியது. புதுசாக எதையும் வளைக்கத் தெம்பில்லை. வரிசை தானாகவே நெருங்கி, ஒரே ஒரு சீசா வைக்கிற சந்து மிச்சம் நின்றது. அந்தச் சீசாவில் பாதி இருக்கும்போதே போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் அத்தை, நைனாவின் தங்கை, சொன்னாள்: "மீதிய கொட்டிட்டு நீயே வெச்சு மூடிடேன் அண்ணி."

"மூடிட்டா அங்க போயும் குடிய உட்டாவணுமேன்னு பயந்துக்கும் உங்கண்ணன். கெடக்கட்டும் உடு."

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வருஷத்து மழையில் அந்தச் சந்து வழியாகத்தான் மண் ஓடியது. அம்மா குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் அடைத்துப் பார்த்தாள். விரல் இடுக்கில் ஓடியது. முதலில் கத்திரி போனது, பிறகு மல்லி. அவள் மறுபடி ஆரம்பாக்கம் போகவில்லை.

ஒல்லாந்துக்காரர்களும் கப்பலேறிவிட்டார்கள். துரை தோட்டத்தில் எருக்கஞ்செடிகூட இல்லை, மணல்தான். எங்கள் சீசாக்களை எண்ணெய்க்கு வேண்டுமென்று அக்கம்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

கையில் இருக்கிற இந்தச் சீசாவைக் கொண்டுபோய் அந்தச் சந்தில் வைத்துவிடலாம் என்று பார்த்தேன். எது சந்து? வாசல் முழுக்கச் சந்துதான்.