போறணைச் சுவரோரம் தொங்கும் கோட்டுகள்

கோட்டின் கழுத்துப்பட்டிக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை ஆழ இழுக்கிறார் நாகலெட்சுமி அக்கா. பிறகு கையிடுக்கு. பிறகு பைக்குள் விரல். "ம்ஹூம், இன்னும் ஈரம் கெடக்கு. திலக்ஷன் கொழும்பு பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல குடுத்துட்டு ஓடிட்டான்" என்று அதை மறுபடியும் வாசல் கம்பியில் விரிக்கிறார். இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் வெயில் என்பது பெரிய இடத்து விருந்தாளி மாதிரி. தலையைக் காட்டும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கோட்டின் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காய வைத்துவிட வேண்டும்.

அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கோட்டு காப்பது அவர் தொழில் அல்ல, அப்படி ஆகிப்போனது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு இவருடையது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரியின் பாண் போறணை, ரொட்டி சுடும் பெரிய அடுப்பு. மழைக்காலத்தில் லயத்துச் சுவர்கள் எல்லாம் வியர்த்து வழியும்போது, இந்த ஒரு சுவர் மட்டும் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியாகச் சுடும். அதனால் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறவர்களும், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் கிளம்பும் அன்று இங்கே வந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். அந்தச் சூட்டு ஊர்களில் அது எதற்கு? சொந்த வீட்டில் விட்டுப் போனாலோ, திரும்பி வரும்போது பூஞ்சணம் பூத்து நிற்கும்.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூங்கில் கட்டி, இடைவெளி விட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். "மனுசந்தான் லயத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் கெடக்கோம். கோட்டாவது தள்ளி நிக்கட்டுங்க." பொலித்தீன் உறை ஆகவே ஆகாது. "மூடி வச்சா உள்ளுக்குள்ளயே வேர்த்து நாறிப்போகும்." ஒவ்வொரு பைக்குள்ளும் துணியில் முடிந்த அடுப்புக்கரி.

பூச்சி உருண்டை என்று சொன்னால் மட்டும் அந்த வீட்டில் சிரிப்பு. கணவர் அழகன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். ஓர் அடைமழையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியின் சூட்டுக் காற்றில் காயட்டுமே என்று, பூச்சி உருண்டை போட்ட கோட்டுகளை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் மாட்டிவிட்டார். தேயிலையோ பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

"டீமேக்கர் ஐயா ஒரு வாய் குடிச்சுட்டு, யாருடா அலமாரிய அவிச்சு ஊத்துனதுன்னு கேட்டாரு. அன்னைக்கு இவரு மூஞ்சியப் பாக்கணுமே!" என்று அக்கா சிரிக்க, "எனக்குப் படுக்கக் குளுந்த தரை, இதுகளுக்குச் சுடு சுவரு" என்று அழகன் முணுமுணுத்தார்.

வரிசையில் சுவருக்கு மிக நெருக்கமாக, ஒரு சிவப்பு ஜெக்கட். அது மகள் சுதர்ஷினியுடையது. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வருவதாக இருந்து வரவில்லை. தைப்பொங்கலுக்கு நிச்சயம் என்றிருந்தாள். வெயில் எட்டிப் பார்த்தால் முதலில் வெளியே வருவது அந்தச் சிவப்புதான். "எறங்குனதும் குளிருல நடுங்கிப்போவா. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுபோயிருவேன்" என்று அதன் கையைத் தடவிக்கொண்டே சொன்னார். ஜெக்கட்டின் கையைத் தடவுகிறாரா, மகளின் கையைத் தடவுகிறாரா என்று, இந்தக் கோட்டுக் கதை கேட்க வந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதே போன் வந்தது. சுதர்ஷினி. அக்கா ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. சரின்னுட்டேன்."

"பொங்கலுக்கு?"

"வரலம்மா. அந்தச் செவப்பு ஜெக்கட்ட ஜீவராணிக்குக் குடுத்துருங்க. நுவரெலியாவுல வேலை கெடச்சிருக்காம், காலை பஸ்ஸுல வெறச்சுப் போறாளாம். அவளே வச்சுக்கட்டும். சும்மாதானே தொங்குது."

"சும்மாவா தொங்குது!"

அந்த ஒரு சொல்லில் வீடே நடுங்கியது. மறுகணம் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி சாமி. குடுத்துர்றேன். நீ சாப்பிட்டியா?"

பொழுது சாயும் நேரம் ஜீவராணி வந்தாள். அடுத்த வீட்டுப் பெண்; சுதர்ஷினியோடு ஒரே வகுப்பில் படித்தவள். அக்கா ஜெக்கட்டை இறக்கி, கரி முடிச்சுகளை எடுத்துவிட்டு உதறி, தானே அவளுக்கு மாட்டிவிட்டார். ஸிப்பைக் கழுத்து வரை இழுத்தார்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார் அழகன்.

"பத்திரமா வச்சுக்கிறேன் அத்தை" என்று ஜீவராணி வாசலைத் தாண்டப் போனாள்.

"நில்லுடி."

பின்னால் போய், அவள் கழுத்தைச் சுற்றியிருந்த அமுக்குப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஜெக்கட்டின் தொப்பி தனியே கையோடு வந்தது.

"என்னா அத்தை இது, மழைக்கு என்ன பண்றது?"

"கொட பிடிச்சுக்கிட்டுப் போ."

அழகன் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். ஜீவராணியும் போன பிறகு, அக்கா வெறுமையாய் ஆடிக்கொண்டிருந்த ஹேங்கரில் அந்தத் தொப்பியை மாட்டினார். அது சரிந்தது. மறுபடி நிமிர்த்தி, தாடைக்குக் கீழே கட்டுகிற இரண்டு நாடாக்களையும் இழுத்து, இறுக்காமல், மெதுவாக ஒரு முடிச்சுப் போட்டார்.