வெர்னா லிண்டுக்குக் கிடைத்த ஒரு வரி

வெர்னா லிண்ட் அன்று மாலை எங்கள் குடியிருப்புக்குள் நுழைந்த வேகத்தில் அவள் தொப்பி பறந்து எலுமிச்சை மரத்தில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக்கூட அவள் நிற்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கணவன் ஆர்விலின் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"சத்தமாச் சொல்லு வெர்னா, நான் என்ன கேமராவா?" என்றான் அவன்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பிழைப்பில் ஒட்டிக்கொள்ளும் வியாதி அது. ஹாலிவுட் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பவர்கள் நாங்கள். நடன மண்டபமோ கப்பல் தளமோ, நட்சத்திரங்களுக்குப் பின்னால் பேசுவது போல உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். ஒரு இருமல் மைக்கில் விழுந்தாலும் காட்சி பாழ். படங்கள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து வெர்னா வாயை மூடாமல் மௌனமாக இருந்து பழகியவள். கொஞ்சம் பரபரப்பானால் போதும், வீட்டிலும் குரல் வராது.

"வசனம்!" என்று ஒருவழியாகக் குரல் வெடித்தது. "எனக்கு வசனம் குடுத்திருக்காங்க ஆர்வில்! நாளைக்குக் காலையில!"

"யாரு, உனக்கா?"

"பின்ன, ஹேசலுக்கா? இவ சோபாவுல என் பக்கத்துல உக்காந்திருந்தா, அவ்வளவுதான்."

நான்தான் ஹேசல். அவள் சொன்னது உண்மைதான்.

நெப்ராஸ்காவில் பன்றிப் பண்ணையில் வளர்ந்தவள் வெர்னா. ஆர்வில் பேக்கரி வண்டி ஓட்டுகிறான். ஆனால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தால் வீட்டில் நாலு வேலைக்காரர்கள் இருப்பது போலத் தோன்றும். அந்த முதுகும், அவளே தைத்த சாம்பல் நிறப் பட்டு கவுனும்தான் அவள் முதலீடு. சொந்தமாக விருந்து உடுப்பு வைத்திருப்பவர்களைத்தான் பணக்காரக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். படத்துக்குப் படம் அந்தக் கவுனின் கையை மாற்றுவாள், கழுத்தை மாற்றுவாள். கசங்கக் கூடாதென்று இடைவேளையில் உட்காராமல், நின்றவாக்கில் சாய்வுப் பலகையில் சாய்ந்தபடியே சாண்ட்விச் தின்பாள்.

நட்சத்திரமாகும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. நெப்ராஸ்காவில் அவளுடைய அக்கா ஆக்தா, தங்கையைக் காட்டுகிறேன் என்று ஒவ்வொரு படத்துக்கும் அக்கம்பக்கத்தாரை அழைத்துப் போவாள். "இந்தத் தடவை உன் முழங்கையைப் பார்த்தோம்" என்று போனில் சொல்வாள். "அதுக்கு முன்னாடி முதுகு. ஊர்ல பாதிப்பேர் நான் புளுகுறேன்கிறாங்க." முகத்தை யார் வேண்டுமானாலும் மறைத்துவிடலாம், குரலை மறைக்க முடியாது என்பது வெர்னாவின் கணக்கு. ஒரே ஒரு வரி போதும்.

அந்த வரி இப்போது வந்துவிட்டது. பெரிய ஹோட்டல் ஒன்றில் நடக்கும் காதல் கலாட்டாப் படம் அது. கோடீஸ்வர நாயகன் காதலிக்காகப் பெட்டி தூக்கும் வேலைக்காரனாக வேஷம் போடுகிறான். வரவேற்பு மண்டபத்தில் ஒரு சீமாட்டியின் பெட்டியைத் தவறாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். சீமாட்டியாக நடிக்க வேண்டியவளுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. இயக்குநர் பெரெனி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "அந்தச் சாம்பல் கவுன் அம்மா" என்று விரல் நீட்டினார். வசனம் இதுதான்: "நில்லு! அது என்னோட பெட்டி!"

அன்றிரவு எங்கள் குடியிருப்பில் அந்தப் பெட்டியைப் பற்றி அறியாதவர் யாருமில்லை. ஆர்வில் ரொட்டிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க ஓடினான். "நில்லு!" என்று வெர்னா துரத்தினாள். பக்கத்து வீட்டுப் பியானோக்காரர் வந்து, "எடுத்துட்டுப் போகட்டும் விடும்மா, நான் வேற வாங்கித் தர்றேன்" என்றார்.

மறுநாள் செட்டில் விளக்குகள் எரிந்தன. பளிங்குத் தூண்கள், சரவிளக்கு, சுழல்கதவு எல்லாம் பளபளத்தன. நாயகனாக நடிக்கும் கிளிஃபர்ட் வேன் சிவப்புச் சீருடையில் பெட்டியைத் தூக்கினான். வெர்னா ராணி போல எழுந்தாள். கை நீட்டினாள். வாய் திறந்தது, கண் கனல் கக்கியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"கட்!" என்றார் பெரெனி. ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். "சார், ஒண்ணும் விழல."

கருவி நன்றாகத்தான் இருந்தது. கேமரா ஓடினால் குரலை விழுங்கு என்று பழக்கிய தொண்டை பழக்கத்தை விடவில்லை.

"சொன்னேனே! சொன்னேன்ல ஹேசல்?"

"உதடு சொல்லுச்சுடி."

இரண்டாவது தடவையும் அதேதான். வாய் மட்டும் அழகாக அசைந்தது. உதவி இயக்குநர் டட்லி தூணுக்கருகே நின்றிருந்த மார்செல்லாவைக் கண்ணால் கூப்பிட்டான். அவள் பாட்டுக் கச்சேரிக்காரி, கிசுகிசுத்தாலே தெருக்கோடி வரை கேட்கும். அதற்குள் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டாள்.

"சார், அந்த அம்மாவை மாத்திடலாம்," என்றான் டட்லி.

"இன்னொரு தடவை," என்றார் பெரெனி. "இதுதான் கடைசி, அம்மா."

நான் சோபாவில் உட்கார்ந்து உதட்டை அசைக்க வேண்டும். அசைத்தேன். நிஜத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்தது, "கத்துடி, கத்துடி" என்பதைத்தான்.

கேமரா ஓடியது. வேன் பெட்டியைத் தூக்கினான். வெர்னா எழுந்தாள். கை நீண்டது. வாய் திறந்தது.

குரல் வரவில்லை.

வேன் பழுத்த நடிகன். காட்சியை நிறுத்தாமல் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டு, "நீங்க சொல்றது ரொம்பச் சரிம்மா!" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு சுழல்கதவுக்கு ஓடினான்.

வெர்னா அவன் முதுகைப் பார்த்தாள். வரி, ஆக்தா, ஊர்ச்சனம் எல்லாம் அந்தக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கவுனை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"டேய்! நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேடா!"

பன்றிகளைப் பட்டிக்குக் கூப்பிட்ட குரல் அது. சரவிளக்கில் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. வேன் திடுக்கிட்டுச் சுழல்கதவிலேயே ஒரு முழுச்சுற்று சுற்றி, மறுபடி அவள் முன்னாலேயே வந்து நின்றான். மேலே பாலத்தில் விளக்குக்காரர்கள் சிரிப்புச் சத்தம் வராமலிருக்கச் சட்டையைக் கடித்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைத் தூரப் பிடித்திருந்தார்.

"கட்!" பெரெனி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "விழுந்ததா?"

"பக்கத்து செட்லயும் விழுந்திருக்கும் சார்."

"இதையே வைக்கிறோம்! கேமராவை அம்மாகிட்ட கொண்டு போங்க. முகம் முழுசா வேணும்."

"எழுதின வசனம் இது இல்லையே சார்..." என்று இழுத்தான் டட்லி.

"எழுதினவன்கிட்ட சொல்லு, இனிமே இதுதான்."

மார்செல்லா உதட்டுச் சாயத்தைப் பைக்குள் போட்டாள். தண்டவாளத்தில் கேமரா வெர்னாவை நோக்கி உருண்டு வந்தது. நட்சத்திரங்கள் நிற்கும் இடத்தைத்தான் தரையில் குறித்து வைப்பார்கள். எங்களுக்கு அது கிடையாது. டட்லி சுண்ணக்கட்டியோடு மண்டியிட்டு, வெர்னாவின் இரண்டு காலணிகளையும் சுற்றிக் கோடு போட்டான்.

"சீக்கிரம் போடுப்பா, கால் கடுக்குது," என்றாள் வெர்னா, எல்லாருக்கும் கேட்கும்படி.