கீதாரியும் வேப்பங்குழையும்

ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை அவரைச் சந்தித்தேன். கிழமையை நாட்குறிப்பில் சரிபார்த்துவிட்டேன். உரத்துக்காகப் புஞ்சைகளில் ஆட்டுக்கிடை போடும் கீதாரி அவர். வற்றிய உடம்பு, தோளில் கம்பளி. எதைக் கேட்டாலும், தலைக்கிடாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

என் புஞ்சைக்கு அடுத்தது மச்சினர் புஞ்சை. சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்த அவர் விதைப்புக்குத்தான் வருவார்; மூட்டை உரம்தான் போடுவார்.

"புழுக்கையில எம்புட்டு வெளஞ்சிரும் அத்தான்?" என்று சிரிப்பார்.

அவர் வாயை அடைக்கவே நான் கிடைக்குச் சொன்னேன். இடம் தெரிய என் புஞ்சையில் இலை அடர்ந்த வேப்பங்குழை ஒன்றை நட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

விடிந்து போனால், ஆடுகள் அத்தனையும் மச்சினர் புஞ்சையில் படுத்திருந்தன.

"அடையாளம் வச்சிருந்தேனே!"

கீதாரி கிடாயைப் பார்த்தார். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஆடு வார எடத்துல குழைய நட்டு வச்சிருக்கீக. திங்காம கும்புடவா செய்யும்? நான் வாரப்ப வெறுங்காடு."

"இப்ப என்ன செய்ய?"

மறுபடி கிடாயைப் பார்த்தார். "அவுக புஞ்சை மேடு. பெருமழை பெஞ்சா உரமெல்லாம் உங்க பக்கம் வந்துரும்."

மழை பெய்தது, வரப்பு உடையவில்லை. மச்சினர் கம்பு ஆள் உயரத்தைத் தாண்டியது. "பாத்தீகளா மூட்டை உரத்தை!" என்று ஊரெல்லாம் சொன்னார். தன் புஞ்சையில் கிடை கிடந்தது அவருக்குத் தெரியாது.

அடுத்த ஆவணியில் கல் நட்டேன். கீதாரி கல்லைப் பார்த்தார். கிடாயை நெடுநேரம் பார்த்தார்.

"இதத் திங்காதாம்" என்றார்.