பட்டியலில் இல்லாத சொதி

மகனின் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், பிரெஞ்சு பேசும் வில்லரேப் பகுதியில் ஒரு பல் வைத்தியரிடம் போய் மஞ்சளடித்த பற்களை வெண்மையாக்கிக்கொண்டேன். கறுத்த ஈறையும் மாற்றச் சொன்னேன். அது பிறவி நிறம், நோயில்லை என்று மறுத்துவிட்டார்.

இரண்டு நாளைக்குத் தவிர்க்க வேண்டியவற்றைப் பிரெஞ்சில் அச்சடித்துத் தந்தார்கள். கோப்பி, வைன், தக்காளி சோஸ். கோப்பிப் போத்தலைக்கூடத் திறக்காத பெருமையில் இடியப்பமும் சொதியும் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை முன்பற்களில் மஞ்சள் திட்டுகள். தேய்த்தும் போகவில்லை. இருப்புக்கொள்ளாமல் கண்ணாடிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன்.

"பல்லுத் தெரியாமல் சிரியுமன்," என்றார் கணவர்.

"நீங்கள் முதல்ல வாயை மூடுங்கோ!"

வைத்தியரிடம் ஓடினேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், மஞ்சள்தூள் என்று அடுக்கினேன். மஞ்சள் என்றதும் தலையில் கைவைத்தார். நல்லகாலம், மேலோட்டமான கறைதான். மினுக்கி எடுத்துவிட்டார்.

கல்யாணப் படங்களில் கறுத்த ஈறும் தெரியச் சிரிக்கிறேன். இப்போதெல்லாம் எந்த வைத்தியர் தாளை நீட்டினாலும், எங்கள் வீட்டில் என்ன சமைக்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்.