மாலை விழுந்த வாக்குரிமைப் படம்

தோர்ண்டன் ஹீத் மண்டபத்தில் அன்று நடந்ததைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில், நான் என் மாமியாரின் படத்தை மேடையில் வைத்தேன். பக்கத்து ஊரான நோர்பரியில் வழங்கும் மற்றதில், ஒரு வெள்ளைக்காரியைக் கும்பிடச் சொன்னேன். இரண்டும் பிழை. ஆகவே நேரில் கண்டதையும், அங்கிருந்தோரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

மேலைக் கலை இயக்கங்களும் சமூகப் புரட்சிகளும் நாம் புலம்பெயர்ந்து வாழும் இந்நாட்டை எவ்வாறு ஆக்கின என்பது குறித்து மாதம் ஒரு சனிக்கிழமை தமிழில் உரையாற்றிவருகிறேன். கேட்க வருவோர் முன்வரிசை நாற்காலிகளைக்கூட நிரப்பியதில்லை. அன்று நான் நுழைந்ததுமே மண்டபச் செயலாளர் சொல்லிவிட்டார்:

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. இண்டைக்கும் கதிரையள் காலியாக் கிடந்தா ஹோலை டான்ஸ் கிளாசுக்குத்தான் குடுக்கவேணும். பக்கத்து அறையில பிள்ளையள் ஆட இடமில்லாமல் இடிபடுதுகள்."

"இருந்து கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ" என்றேன். விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை.

அன்றைய பொருள் பெண்களின் வாக்குரிமைப் போராட்டமும் அதன் கலையும். பழம்பொருட் சந்தையில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றைச் சட்டமிட்டு மேடை மேசையில் வைத்துவிட்டு, ஒலிவாங்கியைச் சரிபார்க்கப் போனேன். படத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி. தோளில் 'பெண்களுக்கு வாக்கு' என்று ஆங்கிலத்தில் எழுதிய துணிப்பட்டி. திரும்பி வந்தபோது படத்துக்கு மாலை விழுந்திருந்தது. முன்னால் சிறு விளக்கும் எரிந்தது. அறிவிப்பாளர், "எல்லாரும் எழும்பி அகவணக்கம் செலுத்துவம்" என்றார். மறைந்தவர்களுக்காகப் பேசாமல் சற்று நேரம் நிற்பது எங்கள் கூட்டங்களின் வழக்கம். பிள்ளைகளை அழைத்துப்போக நடைவழியில் நின்ற பெற்றோரும் தலைகுனிந்தபடி உள்ளே வந்தனர். மரியாதை செலுத்திய கையோடு வெளியேறுவது அழகன்று என்று அமர்ந்துகொண்டனர். மண்டபம் நிறைந்தது.

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார்: "ஆர் ரீச்சர் இவ? உங்கட மாமியோ? நல்ல வெள்ளையா இருக்கிறா."

"சும்மா இரும். பவுடரா இருக்கும்" என்றார் அருகிலிருந்த கணவர்.

நான் வாய்திறவாதிருந்தால் கதிரைகள் நிறைந்தபடியே இருந்திருக்கும். ஒலிவாங்கியை எடுத்தேன். "இவர் என் உறவினர் அல்லர், உங்களில் எவருக்கும் உறவினர் அல்லர். பெயர் தெரியாது. வாக்குரிமை கேட்டவர் என்பதற்கு இந்தப் பட்டி மட்டுமே சான்று."

சிரிப்பு வெடித்தது. மாலையிட்ட தொண்டர் பாய்ந்து வந்தார். "கழட்டட்டோ ரீச்சர்? படத்துக்குச் சட்டம் போட்டிருக்கவும் செத்தவையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"வேண்டாம், இருக்கட்டும்."

அவருடைய சொல்லிலிருந்தே உரையைத் தொடங்கினேன். ஐரோப்பாவிலும் பெரும்பாலும் அரசரும் புனிதரும் செல்வருமே நெடுங்காலம் படச்சட்டத்துக்குள் இருந்தனர். அரியணைகள் ஆட்டங்கண்ட காலத்தில் ஓவியர் சிலர் கல்லுடைப்போரையும் சலவைப் பெண்களையும் பெரிய ஓவியச் சீலைகளில் வரையத் துணிந்தனர். பின்னர், கலை பயின்ற பெண்கள் பதாகைகளை வரைந்தும் தைத்தும் வாக்குரிமை ஊர்வலங்களுக்குக் கொடுத்தனர். யாருடைய முகம் பார்க்கத் தக்கது என்ற கேள்வி, யாருடைய வாக்கு எண்ணத் தக்கது என்ற கேள்வியோடு பிணைந்தே வளர்ந்தது.

சிலர் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்தனர். பலர் இருந்தனர்.

"இவையள் மறியலுக்கும் போனவையோ?" என்று அதே அம்மா கேட்டார்.

"ஓம், கனபேர் சிறையில இருந்தவை."

கணவர் அவர் பக்கம் திரும்பினார். "பிறகென்ன, அடுத்த எலெக்சனுக்கு என்னைக் கேக்காமல் வோட்டுப் போடும்."

"இவ்வளவு நாளும் உங்களைக் கேட்டோ போட்டனான்?"

முடிந்தபின் செயலாளர் கதிரைகளை அடுக்கியபடியே, "அடுத்த மாதமும் செய்யுங்கோ. பிறகு பாப்பம்" என்றார். அன்றிரவே அடுத்த உரையை எழுதத் தொடங்கினேன்.

இருந்தவர்களில் எத்தனை பேர் கலைக்காக இருந்தனர், எத்தனை பேர் எழுந்துபோகக் கூச்சப்பட்டு இருந்தனர் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த மாதத்துக்குப் பின் மண்டபம் கிடைக்குமா என்பதும் தெரியாது.